காலி என்று சொல்லாதவர்

மூன்றாவது விசிலுக்காகப் பிராங்கிளின் தெருவில் நிற்கிறார். அடுப்பில் குக்கர் ஏறிவிட்டால் அவர் வீட்டுக்குள் இருக்க மாட்டார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கேட்டைத் தாண்டி, மின்கம்பத்தடியில் நின்று விரல்விட்டு எண்ணுவார். எண்ணி முடித்ததும், "கரோலினு, ஆஃப் பண்ணிடு! தொறக்காத, தானா அடங்கட்டும்!" என்று அங்கிருந்தே குரல் கொடுப்பார். "இருவத்திரண்டு வர்சமா நான்தான தொறந்துகினு கீறேன். செத்தா பூட்டேன்?" என்று உள்ளேயிருந்து மனைவியின் பதில் வரும். திருவொற்றியூரில் எங்கள் சந்தில் இது தினப்படி நடப்பது. மாடியில் குடியிருக்கும் நான் ஆறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பிராங்கிளினுக்கு ஐம்பத்து மூன்று வயது; நல்ல வாட்டசாட்டமான ஆள். ஆனால் கலர் பாட்டிலை ஈரத் துண்டு சுற்றித்தான் திறப்பார். பஞ்சர் கடையில் டயருக்குக் காற்றடித்தால் சாலையின் எதிர்ப்புறம் போய் நின்றுகொள்வார். பக்கத்து வீட்டுப் பாப்பாவின் பிறந்தநாளுக்குப் போனவர், பலூன் ஊத ஆரம்பித்ததும் கேக்கைக்கூடத் தின்னாமல் திரும்பி வந்துவிட்டார். எண்ணூர் சாலையில் ஒரு கண்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர் உத்தியோகம். மற்றவர்களெல்லாம் "காலிப் பொட்டி" என்பதை இவர் மட்டும் "எறக்குன பொட்டி" என்பார். காலி என்ற சொல் அவர் வாயில் வராது. சமையல் கேஸ் போட வருகிறவர் "காலி சிலிண்டர் எடுங்க" என்றால் முகம் சுருங்கிவிடும். "தீந்துபோனதுன்னு சொல்லு நைனா. உள்ள இன்னா கீதுன்னு நீ பாத்தியா?" என்று சண்டைக்குப் போவார்.

சும்மா சொல்லக் கூடாது, நானும் அவரைக் கேலி செய்யாத நாள் கிடையாது. ஒருமுறை பின்னால் போய் பேப்பர் பை ஒன்றை ஊதி உடைத்தேன். மனுஷர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். பிறகு உள்ளே போனவர், மூன்று நாள் என் முகத்தில் விழிக்கவில்லை. கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய சின்னக் கார் ஒன்று உண்டு. கரோலின் துறைமுகத்துப் பக்கம் ஆபீஸ்களுக்கு மதியச் சாப்பாடு செய்து கொடுக்கிறவர். நாற்பது கேரியரும் அதன் டிக்கியில்தான் போகும். டிக்கிக் கதவைத் தூக்கினால் தாங்கி நிறுத்த இரண்டு பக்கமும் இரண்டு தண்டுகள் இருக்குமே, உள்ளே வாயுவை அழுத்தி அடைத்தது, டிக்கி ஷாக் என்பார்கள், அது இரண்டும் தளர்ந்துபோயின. தூக்கிவிட்ட கதவு மெல்லக் கீழே இறங்கும். ஒருநாள் மெல்ல இறங்காமல் கரோலினின் பிடரியிலேயே விழுந்தது. அன்றிலிருந்து மாப் குச்சியை முட்டுக்கொடுத்து ஓட்டினார்கள். "அண்ணா, இந்தக் குச்சி நழுவுச்சுன்னா நாப்பது பேருக்கு சோறு கெடையாது, எனக்கு மண்ட கெடையாது. நீங்களாவது இந்த மனுசனுக்கு சொல்லுங்க," என்று என்னிடம் வந்து நின்றார்.

சந்து முனையில் மெக்கானிக் ஆன்றோ இருக்கிறார். அவருக்குப் பத்து நிமிட வேலை. அவரிடம் விடச் சொன்னேன், பிராங்கிளின் கேட்கவில்லை. "மாட்றது பெரிய விசயம் இல்ல சார். கயட்டுன பயச அவன் இன்னா பண்ணுவான்? தூக்கி இரும்புல போடுவான். அதான் நானே வூட்ல மாட்டிக்கிறேன்," என்றார். கழற்றியதற்காகக் கவலைப்படுகிற ஆளை அன்றுதான் பார்த்தேன்.

புது ஜோடி பார்சலில் வந்தது. இரண்டு நாள் அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை. அடுப்படியை விட்டு எட்ட, கட்டிலுக்கு அடியில் கிடந்தது. சனிக்கிழமை அவருக்கு விடுமுறை. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று ஏழு மணிக்கே வந்து என் கதவைத் தட்டினார். டிக்கிக் கதவைத் தலைக்குமேல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. மாப் குச்சியை நம்பாமல் சவுக்குக் கட்டை ஒன்றையும் முட்டுக்கொடுத்திருந்தார். கண்ணாடி, கையுறை, காலில் யார்டு ஷூ. போருக்குப் போகிற கோலம்.

"ஒரு பக்கம் மட்டும் கயட்டுவேன். புதுச மாட்டுன அப்பாலதான் அடுத்தது. ரெண்டையும் ஒண்ணா கயட்டுனா கதவு ஒங்க மேலதான்," என்றார். முனையிலிருந்த கம்பிக் கிளிப்பின் அடியில் சப்பை ஸ்குரூ டிரைவரைக் கொடுத்து ஒரு நெம்பு. ஷாக், தான் மாட்டியிருந்த குமிழை விட்டுக் கழன்று வந்தது. புதியதை அதன் மெல்லிய கம்பி முனை கீழே இருக்கும்படி வைத்தார். "எண்ணெ கீய நிக்கணும், அப்பதான் சீலு காயாது." உள்ளங்கையால் அழுத்தியதும் டக் என்றது. அந்தச் சத்தத்துக்கே ஓர் அடி பின்னால் துள்ளினார். நான் சிரித்த சிரிப்பில் கதவு ஆடியது. "சிரிக்காதீங்க சார், கைய விட்டுடப் போறீங்க," என்றார். அந்தக் காலை நேரத்திலும் அவர் பனியன் தொப்பலாக நனைந்திருந்தது.

வேலை முடிந்தபோது கதவு ஒரு விரலுக்கு எழும்பி நின்றது. கரோலின் மூன்று முறை திறந்து மூடிப் பார்த்துவிட்டு, சந்தோஷத்தில் எனக்கும் சேர்த்துக் காபி போட்டார். பிராங்கிளினுக்கு அதில் கவனமே இல்லை. கழற்றிய ஷாக் ஒன்றைத் தரையில் ஊன்றி என்னை அழுத்தச் சொன்னார். அழுத்தினேன், உள்ளே போனது. கையை எடுத்தேன், மெதுவாக, தானாகவே, பழையபடி நீண்டது.

"பாத்தீங்களா? கதவத் தூக்கத்தான் வலு இல்ல. உள்ள கீது. நெருப்பு பட்டுச்சுன்னா இது குண்டு சார்."

இரண்டையும் ஈரச் சாக்கில் சுற்றி, சுவரோர நிழலில் வைத்து, மேலே ஒரு செங்கல்லையும் வைத்தார். திங்கட்கிழமை தெரிந்த ஒர்க்ஷாப் ஒன்றில் ஊசி முனையளவு ஓட்டை போட்டு, வாயுவை விட்ட பிறகுதான் எறிவாராம். "யாரும் தொடாதீங்க," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

அந்த நேரம் பார்த்துத்தான் முத்தம்மா வந்தார். மோட்டார் வைத்த மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் வந்து பழைய இரும்பு எடுக்கிறவர். என் வீட்டில் உடைந்த ஃபேனும் இரும்பு நாற்காலியும் போட வேண்டியிருந்தன. போட்டுவிட்டுத் திரும்பும்போது சாக்கு காலில் தட்டியது. எனக்கு வந்ததே ஓர் எரிச்சல்! செத்துப்போன இரண்டு கம்பிக்கு ஈரச் சாக்கு, செங்கல், திங்கட்கிழமை. இந்தக் கூத்துக்கு இன்றோடு ஒரு முடிவு கட்டலாம் என்று, சாக்கை உதறி இரண்டையும் வண்டியில் போட்டேன். முத்தம்மா ஒன்றை எடுத்து ஆட்டிப் பார்த்தார். "இன்னா சாமி இது, உள்ள எதுனா கீதா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லம்மா, காலிதான்," என்றேன்.

அரை மணி நேரம் கழித்து, தலையைத் துவட்டிக்கொண்டே வந்த பிராங்கிளின், சாக்கு பிரிந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். நான் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். முத்தம்மா கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சேர்த்தே சொன்னேன். ஒரு மனுஷனின் முகத்தில் ரத்தம் வற்றுவதை நான் அன்றுதான் கண்ணால் கண்டேன். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. "கரோலினு, அந்தம்மா எங்க போடும்?" என்று மட்டும் கேட்டார். "சாத்தாங்காட்டுல, நீல கேட்டு இரும்பு கடைல. போன் நம்பரு இல்லியே," என்று கரோலின் பதறினார். சட்டைகூடப் போடாமல் பிராங்கிளின் காரில் ஏறினார். நானும் ஏறிக்கொண்டேன்.

முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத ஆள், டேங்கர் லாரிகளுக்கு நடுவே ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினார். "பழசுதானே, ஒண்ணும் ஆகாது," என்று ஏதோ உளறினேன். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மணலிப் பக்கம் ஒரு கம்பெனில இருந்தேன் சார், முன்ன. பயைய பைப்பு லைன அறுத்து எடுக்கற வேல. வேலப்பன்னு என் தோஸ்து, அவன்தான் கேஸ் கட்டர் வெச்சு அறுக்கறவன். ரெண்டு பக்கமும் மூடுன பைப்பு ஒண்ணு. 'உள்ள எதுனா கீதா மாமு'ன்னு கேட்டான். நான் ஸ்பேனரால தட்டிப் பாத்தேன். கணீருன்னு சத்தம் வந்துச்சு. 'காலிதான், அறு'ன்னு சொன்னேன்."

எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கினார்.

"மூலக்கொத்தளம் சுடுகாட்டுல அவன பொதைக்கிறப்ப மூஞ்ச தொறக்கவே இல்ல சார். அவன் பொண்டாட்டிக்கும் காட்டல, எனக்கும் காட்டல."

ஆறு வருடக் கேலியும் அந்தப் பேப்பர் பையும் ஒன்றாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டன. ஆனால் வெட்கப்படக்கூட நேரமில்லை. அங்கே யார் கையில் நெருப்பு இருக்கிறதோ, அந்த ஆளுக்கு இது தெரியாது. அவரிடம் காலி என்று சொல்லி அனுப்பியவன் நான்.

நீல கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு முத்தம்மா டீ குடித்துக்கொண்டிருந்தார். "எல்லாம் உள்ள போட்டாச்சு சாமி. நம்ம வியாசர்பாடி பீம்ராவுதான் அறுத்துகினு கீறான்," என்றார். உள்ளே ஓடினோம். கிரைண்டர் சத்தம், தகரம் இழுபடும் சத்தம், காதில் வேறெதுவும் விழவில்லை. கொட்டகையின் கோடியில் ஓர் இளைஞர் குந்தியிருந்தார். கறுப்புக் கண்ணாடி, கையில் கேஸ் கட்டர். பக்கத்தில் என் நாற்காலி நாலு துண்டாகக் கிடந்தது. ஒரு ஷாக் குவியலின் மேலே இருந்தது. இன்னொன்றைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு, அதன் முனையை நெருப்பில் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பலூனுக்குப் பயந்து ஓடிய மனிதர்தான் நெருப்பை நோக்கி ஓடினார். பீம்ராவை ஒரு தள்ளு தள்ளினார். வெறுங்கையால் அந்த ஷாக்கை வாரி எடுத்தார். பெயிண்ட் கொப்பளித்துப் புகைந்துகொண்டிருந்தது. நாலு எட்டில் தண்ணீர் டிரம்முக்குப் போய் அதை அடிவரை அமுக்கினார். "எல்லாம் வெளிய போங்க! போயிடுங்கப்பா!" என்று அலறிக்கொண்டே, முகம் தண்ணீரைத் தொடுமளவுக்குக் குனிந்து நின்றார், கையை மட்டும் எடுக்கவில்லை.

டிரம்மிலிருந்து ஆவி வந்தது. வேறொன்றும் வரவில்லை. யாரோ கிரைண்டரை நிறுத்தினார்கள். வெடிக்காது என்று மனது நம்ப மறுத்தது.

விழுந்த இடத்திலிருந்து எழுந்த பீம்ராவுக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. கட்டரை அணைத்துவிட்டுப் பாய்ந்து வந்தார். "யோவ், இன்னாய்யா நெனச்சுகினு கீற? கைல நெருப்ப வெச்சுகினு கீறேன், வந்து தள்ற? நெருப்பு திரும்பிச்சுன்னா என் கதி இன்னா ஆவறது?"

"என் மேலதான் தப்பு," என்று தூணை விட்டு வந்தேன். "உள்ளே கேஸ் இருக்கு. காலின்னு சொல்லிப் போட்டது நான்தான்." பீம்ராவ் என்னைப் பார்த்தார், டிரம்மைப் பார்த்தார், தான் மிதித்துக்கொண்டிருந்த இடத்தைப் பார்த்தார். "மெய்யாலுமா?" என்றார். கறுப்புக் கண்ணாடியை மெல்லக் கழற்றினார். முப்பது வயதுகூட இருக்காது. மூக்கின் மேலும் கன்னத்திலும் கரி.

பிராங்கிளின் டிரம்மிலிருந்து கையை எடுத்தார். உள்ளங்கைகள் இரண்டும் வெந்து சிவந்திருந்தன. சண்டைக்கு வந்த ஆளின் எதிரே போய் நின்று, ஈரம் சொட்டும் அந்தக் கைகளால் அவர் முகத்தை இரண்டு பக்கமும் பிடித்தார். கட்டைவிரலால் இமைகளைத் தடவினார், மூக்கைத் தடவினார், கன்னத்துக் கரியைத் துடைத்தார். பீம்ராவ் அசையவில்லை. பிராங்கிளின் அந்த முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.