ஒழுகாத தையல்

திருப்பூரில் பிறந்து, நொய்யலில் கால் நனைத்ததோடு சரி, படகு என்ற ஒன்றை நான் கண்ணால் கண்டதில்லை. ஆனால் படகின் போர்வையை மடியில் போட்டுத் தைத்திருக்கிறேன். அறுபதுகளில், என் தம்பி தெற்கே ஓர் அணையில் தினக்கூலிக்குப் படகுக் காவல் பார்த்தபோது நடந்தது அது.

காவல் என்றால், கரையோரம் கட்டிய படகைக் கித்தான் போர்த்தி வைத்திருப்பார்கள். அதை இவன் பார்த்துக்கொண்டிருப்பான். இப்படியொரு உத்தியோகம் யாருக்கு வாய்க்கும்? அதற்கும் வேட்டு வைக்க ஒரு மேலதிகாரி வந்து சேர்ந்தார். படகைக் கித்தான் காக்கும்போது இவன் எதற்கு என்று கேட்டுவிட்டாராம். ஐப்பசியில் நேரில் வந்து பார்த்து, வேலையை நிரந்தரமாக்குவதா, ஆளை அனுப்புவதா என்று முடிவு செய்வாராம். கித்தானிலோ தையலெல்லாம் விட்டுப்போயிருந்தது.

"இதைப் பார்த்தார்னா அன்னைக்கே ஊட்டுக்குப் போன்னுருவாருங்கக்கா," என்று கித்தானை என்னிடம் தைக்கத் தூக்கிக்கொண்டு வந்தான் தம்பி. அவன் பெண்டாட்டி அப்போது மாசமாக இருந்தாள்.

பனியன் தைக்கிற மிஷினில் கொடுத்துப் பார்த்தேன், ஊசி முறிந்தது. அப்புறம் கோணி ஊசியை எடுத்து, இற்றுப்போன நூலைப் பிரித்து, விளிம்பை மடித்து, இரட்டைத் தையலாகக் கையாலேயே போட்டேன். உள்ளங்கை கொப்பளித்துப்போயிற்று. நானே சொல்லக் கூடாது, தையல் அப்படி அமைந்தது.

அங்கேதான் என் வீட்டுக்காரர் நுழைந்தார். அவருக்குச் சலவைப் பட்டறையில் வேலை. பழுப்பாக எதைக் கண்டாலும் கை அரிக்கும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கித்தானைக் கொண்டுபோய்ச் சோடாவில் வேகவைத்து, வெளுத்து, மல்லிகைப்பூவாட்டம் கொண்டுவந்து போட்டார்.

"அழுக்கோட குடுத்தா மாப்ளை நம்மளப் பத்தி என்ன நெனைப்பாரு?" என்றார்.

அழுக்கா அது? தண்ணீர் இறங்காமலிருக்கப் பூசிய மெழுகும் எண்ணெயும். வாங்கிப்போக வந்த தம்பி ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தான். தையலில் ஒரு சொட்டு இறங்கவில்லை. துணி முழுக்க ஒழுகியது. மறுநாள் அதிகாரி வருகிறார், மெழுகு பூச ஏது நேரம்? அவன் அதை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று நான் சோறாக்கவில்லை.

மறுநாள் விடியும்போதே அங்கே நல்ல மழையாம். மேலே போர்வை பளீரென்று வெள்ளை; அடியில் படகுக்குள் முழங்கால் தண்ணீர். தம்பி உள்ளே நின்று வாளி வாளியாக இறைத்துக்கொண்டிருந்தபோது அதிகாரி வந்துவிட்டார்.

"இந்த ஆள் இல்லீன்னா படகு என்னைக்கோ முழுகியிருக்கும்," என்று சொல்லி, வேலையை நிரந்தரமாக்கிவிட்டுப் போனார்.

மச்சினனுக்கு அரசாங்க உத்தியோகம் வாங்கிக் கொடுத்தது தான்தான் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். பாவி மனுசன், பொய் என்றும் சொல்ல முடியவில்லை.

அடுத்த வருஷம் தம்பி கைக்குழந்தையோடும் அதே கித்தானோடும் வந்தான். ஓரிடத்தில் தையல் விட்டிருந்தது. இந்தத் தடவை ஒழுங்காகச் செய்துவிடலாம் என்று மெழுகு வாங்கி வைத்திருந்தேன். அதைப் பார்த்ததும் அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"தையல் மட்டும் போடுங்கக்கா. ஒழுகறதுல கை வெச்சுறாதீங்க, நான் புள்ளகுட்டிக்காரனுங்க."