முதல் மூன்று சுற்று கணக்கில் இல்லை

செவ்வாய்க்கிழமை காலை கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன், கைப்பேசி அடித்தது. மல்லிகா மேடத்தின் மகள் கவிதா. "அங்கிள், அம்மா போயிட்டாங்க. காபி கேட்டாங்க. கலந்து எடுத்துட்டு வர்றதுக்குள்ள..." என்றாள். இரண்டு வருடமாகச் சிறுநீரகக் கோளாறு, எதிர்பார்த்திருந்த செய்திதான். ஷட்டரை இறக்கிப் பூட்டிய பிறகுதான் உள்ளே விளக்கு எரிவது நினைவுக்கு வந்தது. அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

வேங்கிக்காலில் எங்கள் கடை. ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுது பார்க்கிறோம். இருபது வருடமாக நானும் மல்லிகா மேடமும் கூட்டாளிகள். எனக்கு அவசரம், அவருக்கு நிதானம் என்று வாடிக்கையாளர்களே எங்களைப் பிரித்து வைத்திருந்தார்கள். சரியாகத்தான் பிரித்தார்கள். இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் அவரிடம் கருவி கொடுத்தவர்கள், மீதிப் பேர் எங்கள் தொழில்காரர்கள். அவரைப் பற்றி நம்மிடையே ஒரு கதை உலவுகிறது, ஏழுமலையின் இசிஜி கதை. அதில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தாமல் அவருக்கு அஞ்சலி எழுத எனக்குத் தகுதி இல்லை. திருத்தி முடித்த பிறகும் இருக்குமா என்று தெரியாது.

தொழில் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இசிஜி கருவிக்குள் ஒரு ஃபில்டர் உண்டு. வேண்டாத அசைவுகளை அது தடுக்க வேண்டும், ஆனால் மிக மெதுவான அசைவுகளை விட்டுவிட வேண்டும். எவ்வளவு மெதுவென்றால், ஒரு அலை ஏறி இறங்கி முடிய இருபது விநாடி ஆகும். அதையும் சேர்த்துத் தடுத்துவிட்டால், நல்ல இதயத்தின் கோடும் தாளில் கீழே இறங்கி, அடைப்பு இருப்பதுபோல் காட்டும். ஆகவே பழுது பார்த்த ஒவ்வொரு கருவிக்குள்ளும் மெதுவான அலையை அனுப்பி, உள்ளே போனது எவ்வளவு உயரம், வெளியே வந்தது எவ்வளவு உயரம் என்று அளந்து தாளில் எழுதித் தர வேண்டும்.

இதற்காகத்தான் லேப்டாப்பில் செருகும் ஸ்கோப் ஒன்றை வாங்கினோம். கையளவுப் பெட்டி, அலையை லேப்டாப் திரையில் வரைந்து காட்டும். வந்த முதல் மூன்று நாள் எந்தக் கருவியை வைத்தாலும் தேறவில்லை. ஏமாற்றி விற்றுவிட்டான் என்று நான் விற்பனையாளரைப் போனில் வறுத்தெடுத்துக்கொண்டிருந்தேன். மேடம் கருவியை எடுத்துவிட்டு, நடுவில் வெறும் ஒயரை மட்டும் வைத்து அளந்தார். ஒயரும் தேறவில்லை. "சார், போனை வைங்க. இந்த ஒயருக்கு ஹார்ட் அட்டாக்காம்" என்று சிரிக்க ஆரம்பித்தவர் கண்ணில் தண்ணீர் வரும்வரை நிறுத்தவில்லை. ஸ்கோப்பின் உள்ளீட்டு ஸ்விட்ச் ஏசி என்ற நிலையில் இருந்தது. அந்த நிலையில் ஸ்கோப்பே மெதுவான அலையைத் தின்றுவிடும். டிசிக்கு மாற்றியதும் எல்லாம் நேரானது. "பொட்டி தன்னத்தானே அளந்துக்குது. மொதல்ல அளக்கறத அளக்கணும் சார்" என்றார். விற்பனையாளரிடம் மன்னிப்புக் கேட்டதும் அவர்தான்.

மெதுவான அளவைகளை எல்லாம் பௌர்ணமிக்கு ஒதுக்கி வைப்பது அவர் ஏற்பாடு. அன்றைக்குக் கிரிவலக் கூட்டத்தில் ஊரே அடைத்துக் கிடக்கும், கடைக்கு ஒருவரும் வர முடியாது. அடி அண்ணாமலையிலிருந்து அவர் மட்டும் எப்படியோ சந்து பொந்தில் ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார், ஒரு தூக்கு நிறைய அவித்த வேர்க்கடலையோடு. எங்கள் பக்கத்தில் அதற்கு மல்லாட்டை என்று பெயர். அலையை ஓட விட்டுவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்து உரிப்பார். "அத்தினி பேரும் மலைய சுத்தறாங்க. நம்ம அலையும் நிதானமா சுத்தி வரட்டுமே, என்னா அவசரம்?" எந்த அளவையிலும் முதல் மூன்று அலைகளை அவர் எழுதவே மாட்டார். கருவி சூடேறி நிலைப்படும்வரை கோடு தானாகவே சரியும், அதை நம்பக் கூடாது. "மொத மூணு சுத்து கணக்குல இல்ல" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். கடலை தீரும்வரை எரிச்சலை வெளியே காட்ட மாட்டேன்.

நகரில் ஒரு கிளினிக்கின் இசிஜி கருவி பழுதுக்கு வந்தபோது மேடம் தன் மகளின் கல்யாண வேலையில் இருந்தார். நான்தான் சரிசெய்தேன், நான்தான் அளந்தேன். இருபது விநாடி அலைக்கு மூன்று சுற்று காத்திருந்தால் ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடம் நான் காத்திருக்கவில்லை. கருவியைப் போட்ட கையோடு முதல் சுற்றிலேயே திரையில் வந்த உயரத்தை எழுதிவிட்டேன். சூடேறாத கருவியின் கோடு தானாகச் சரிந்ததையும் சேர்த்து லேப்டாப் கூட்டிச் சொன்ன உயரம் அது. கருவி சரி என்று தாள் போனது.

அடுத்த மாதம், மேடத்தின் தெருக்காரரான ஏழுமலை பஸ் ஓட்டப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார். லைசென்ஸ் புதுப்பிக்க மருத்துவச் சான்று வாங்கப் போனவருக்கு இதயத்தில் கோளாறு என்று அந்தக் கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். "நெஞ்சுல ஒரு வலியும் இல்லக்கா. ஆனா வண்டியத் தொடக் கூடாதுன்னுட்டாங்க" என்று அவர் நீட்டிய இசிஜி தாளை மேடம் வெகுநேரம் பார்த்திருக்கிறார். கடைக்கு வந்து என்னிடம் சொன்னார்: "எனக்கு இது நெஞ்சு மாதிரி தெரியல சார், கெப்பாசிட்டர் மாதிரி தெரியுது." கிளினிக்கில் விசாரித்தால் அந்த வாரத்திலேயே இன்னும் இரண்டு பேருக்கு இதே போல் வந்திருந்தது. "மூணு பேருக்கும் ஒரே நெஞ்சா?" என்று கருவியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அளந்தோம். மூன்று சுற்று விட்டு நான்காவதில் பார்த்தால், உள்ளே போன உயரத்தில் பத்தில் ஒரு பங்குதான் வெளியே வந்தது. ஃபில்டரில் கெப்பாசிட்டர் என்ற சின்ன பாகம் ஒன்று காய்ந்து போயிருந்தது. கிளினிக்குக்குப் போன அளவுத் தாளின் நகலை மேடம் எடுத்தார். என் கையெழுத்து.

"மூணு சுத்து விட்டீங்களா சார்?"

"விடல."

"சரி" என்றார். கெப்பாசிட்டரை மாற்றினார், மறுபடி அளந்தார், கருவியை ஸ்கூட்டியில் வைத்துக் கட்டினார். கிளினிக்குக்கு நானும் போனேன். டாக்டர் அறை வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே அவர் குரல் கேட்டது: "டாக்டர், நாங்க தப்பா அளந்து குடுத்துட்டோம். அந்த மூணு பேரையும் திரும்பக் கூப்பிட்டு எடுத்துப் பாருங்க." டாக்டர் கத்தினார். ஒரு மனுஷனின் பிழைப்பு என்று கத்தினார், நியாயம்தான். "யாரும்மா அளந்தது? நீதான?" என்று கேட்டார். மேடம் ஒன்றும் சொல்லாமல் நின்றார். அந்த மௌனத்தை டாக்டர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். நான் வாசலைத் தாண்டி ஓரடி வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை.

மறு பரிசோதனையில் மூன்று பேருக்கும் ஒன்றும் இல்லை. ஏழுமலை மறுவாரமே செங்கம் பஸ்ஸில் ஏறிவிட்டார். மேடம் அவர் வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். ஊரில் கதை அப்படியே பரவியது. நேர்மையான பொம்பளை என்று பலர் புகழ்ந்தார்கள். "அந்தம்மா அளவ ஒருவாட்டி சரிபார்த்துக்குங்க" என்று சிலர் குத்தலாகவும் சொன்னார்கள். ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று ஒருநாள் கேட்டேன். "அதச் சொல்றது உங்க வேல. என் வேல மெஷினப் பத்திச் சொல்றது, சொல்லிட்டேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த பௌர்ணமிக்கும் கடலை வந்தது, எனக்கும் சேர்த்து. அதன் பிறகு நானும் மூன்று சுற்று விட்டேன். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவே இல்லை.

மனக்குறை இல்லாத மனுஷி அவர். கடைசி மாதங்களில் டயாலிசிஸ் படுக்கையிலும் பக்கத்துக் கருவியின் சத்தத்தைக் கேட்டு, "அதுல ஃபேன் போகப் போவுது, சொல்லி வைங்க" என்று நர்சிடம் சொல்லிக்கொண்டிருப்பார். அது போயே போனது. அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த திருப்தியை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஏழுமலை வந்திருந்தார். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து எதிர் வரிசைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "அக்கா ஆயுசுக்கும் ஒரே ஒரு வாட்டிதான் தப்பா அளந்துச்சி. அதயும் வூடு தேடி வந்து சொல்லிச்சி." இலையில் வைத்த கையை எடுத்தேன். "அது அவங்க அளக்கல ஏழுமலை. நான் அளந்தது" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அக்கா இருக்கும்போது சொல்லியிருக்கலாமே சார்" என்றார்.

ஸ்கோப்பையும் அம்மாவின் மேசையையும் என்னையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள் கவிதா. அவை கடையின் பொருட்கள், கடையில் இருக்கும். மல்லிகா மேடத்திடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொள்வது அந்தத் தப்பு ஒன்றைத்தான். இத்தனை வருடம் அவர் பெயரில் இருந்தது. இனி அந்தக் கதையைச் சொல்லும்போது தயவுசெய்து என் பெயரைச் சொல்லுங்கள்.