அசைந்தது யார்?

போன மாதம் டாட்டூ கலைஞர்களுக்கான போட்டி நிகழ்ச்சி ஒன்றை நாலே நாளில் பார்த்து முடித்தேன். சோறுகூட டிவிக்கு முன்னால்தான். இப்போது எங்கள் ஊர் குண்டசாலையில் டாட்டூ பற்றி என்னைவிட விஷயம் தெரிந்தவர் யாரும் இல்லை என்பது என் தாழ்மையான கருத்து.

அந்தக் கலைஞர்கள் இருக்கிறார்களே... ஊசியை எடுக்கும் முன்பே, ‘ஃபைனலுக்கு நான்தான்’ என்பார்கள். பக்கத்துக் கதிரைக்காரன் வரைவதைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள். கோடு கோணலாகிவிட்டால்? நடுவர் முன்னால் எல்லாருக்கும் ஒரே பதில்தான் — “கஸ்டமர் அசைஞ்சிட்டார்.” தோலைக் கொடுத்த பாவப்பட்ட மனுஷன் கோணல் கோட்டோடு வீட்டுக்குப் போவான்.

இந்தப் படிப்போடுதான் சாந்தியுடன் கண்டி டவுனில் ஒரு டாட்டூ கடைக்குப் போனேன்.

சாந்தி என் ஆபீஸில் வேலை செய்கிறவள். பன்வில பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. பன்னிரண்டு வயதில் அவள் கையில் கொதிக்கிற கஞ்சித் தண்ணி கொட்டியது. சோறு வடித்தது பெரியம்மா. பழி மட்டும் சாந்திக்கு — “குறுக்க வந்தது நீதானே.” இருபது வருஷமாக வீட்டில் அதே பேச்சு. இவளும் நம்பிவிட்டாள். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். இப்போது தம்பி கல்யாணத்துக்கு அரைக்கை ரவிக்கை போட ஆசை. அதனால் தழும்பின் மேல் ஒரு பூங்கொடி. கோணலானால்? ஒரு தழும்பு ரெண்டாகும். அழிக்கவும் முடியாது.

டாட்டூ போடும் பிரதீப் அதிகம் பேசவில்லை. வரைந்த தாளைக் கையில் ஒட்டி எடுத்தார். நீல அச்சு விழுந்தது. “எந்திரிச்சு நின்னு கையத் தொங்கப் போடுங்க” என்றார். உட்கார்ந்தபோது நேராக இருந்த கொடி, நின்றதும் சாய்ந்தது. துடைத்தார். மறுபடி ஒட்டினார். இப்படி நாலு தடவை.

எனக்குள் இருக்கும் நடுவர் சும்மா இருப்பாரா? “தம்பி, டிவியில ஒரே தடவைதான் ஒட்டுறாங்க” என்றேன்.

“அவங்க போட்டி முடிஞ்சா ஊருக்குப் போயிடுவாங்க அக்கா. நான் இதே டவுன்ல இவங்க மூஞ்சில முழிக்கணும்.”

நடுவருக்கு லீவு கொடுத்தேன். அதுவும் ஒரு மணி நேரம், நம்புங்கள்.

பாதி வேலையில் மெஷின் நின்றது. தழும்பு தடித்திருந்த இடத்தில் ஒரு கோடு வெளியே ஓடியிருந்தது. சாந்தி முந்திக்கொண்டாள். “மன்னிச்சிருங்க, நான்தான் அசைஞ்சிட்டேன் போல.”

பழக்கம் அப்படி...

“நீங்க அசையல” என்றார் பிரதீப். “என் கைதான் பிசகிருச்சு. அந்த இடத்துல சின்னதா ஒரு இலை போட்டா சரியாயிரும். போடட்டுமா?”

சாந்தி அழுதுவிட்டாள். வலிக்கிறதாக்கும் என்று அவர் பதறிப்போனார். அது ஊசி வலி இல்லை என்று எனக்குத் தெரியும்.

இலை வந்தது. கொடிக்கே அதுதான் அழகு.

நேராகக் கோடு போட நிறையப் பேர் இருக்கிறார்கள். கோணலாகும்போது ஒருவன் யாரைக் கைகாட்டுகிறான் என்று பாருங்கள், ஆள் யாரென்று தெரிந்துவிடும். டிவி நடுவர்கள் இதற்கு மார்க் போடுவதில்லை. நான் போடுகிறேன் — பிரதீப்புக்கு நூற்றுக்கு நூறு.

போன ஞாயிறு கல்யாணம். அரைக்கை ரவிக்கையில் சாந்தி அத்தனை அழகு. பெரியம்மா அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இந்த ஒரு இலை மட்டும் ஏன்டி தனியா நிக்குது?”

“அது போட்டவர் கை பிசகின இடம் பெரியம்மா. அவரே ஒத்துக்கிட்டாரு.”

பெரியம்மா பாயாசம் எடுத்து வர எழுந்து போனார். இன்னும் திரும்பி வந்ததாகத் தகவல் இல்லை.