இரண்டு விரல் கூட்டி

கழுத்தில் அளவு நாடா இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் குறைவு. வேலை முடிந்ததும் கழற்ற மறந்து அப்படியே பஸ் ஏறிவிடுவாள். ஒரு தடவை பல் வலி என்று போய் நாடாவோடு நாற்காலியில் சாய்ந்தவளைப் பார்த்து, கோட்டுக்கு அளவெடுக்க யாரை வரச் சொன்னோம் என்று டாக்டரே குழம்பிப் போனாராம். தையல் கூடத்தில் சின்னவர்களுக்கு அவள் டேப்பக்கா. தோழிகளுக்கு வெறும் டேப்பு.

அந்தக் கூடத்தில் தைப்பதெல்லாம் சீருடைகள். நர்சுகளுக்கு, காவலாளிகளுக்கு, ஓட்டல் பணியாளர்களுக்கு. அளவெடுப்பதும் துணி வெட்டுவதும் டேப்பக்காவின் பொறுப்பு. உடம்பைச் சுற்றி நாடா எவ்வளவு காட்டுகிறதோ அதை அப்படியே எழுத மாட்டாள். இரண்டு விரல் கூட்டித்தான் எழுதுவாள். சட்டைக்குள் இருக்கிற ஆள் மூச்சு விட வேண்டும், குனிய வேண்டும், மதியம் சாப்பிட்ட பிறகும் பொத்தான் தெறிக்காமல் இருக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் இந்தக் கூட்டல் அவளைக் கேட்காமலே நடக்கிற காரியமாகிவிட்டது, கண் இமைக்கிற மாதிரி.

வருஷத்துக்கு ஒரு வாரம் மெஷின்களைப் பிரித்துப் பழுது பார்ப்பதற்காகக் கூடத்தை மூடுவார்கள். அந்த வாரம் டேப்பக்காவும் அவளுடைய இரண்டு தோழிகளும் ஊர் சுற்றுவது வழக்கம். ஒருத்தி பொத்தான் தைக்கும் பிரிவில் வேலை பார்க்கும் குண்டூசி. ஆளும் ஒல்லி, பேச்சும் குத்தும். இன்னொருத்தி பஸ் நிலைய டிக்கெட் கவுன்ட்டரில் இருக்கும் ரேடியோ. கவுன்ட்டரில் நாள் முழுக்கப் பேசியும் மிச்சம் வைத்திருப்பவள். அந்த வாரத்துக்கு அவளும் லீவு போட்டுவிடுவாள். சினிமா, ஏரியில் படகு, கடைவீதி என்று இந்த வருஷத் திட்டத்தை அவர்கள் முன்கூட்டியே போட்டுவிட்டார்கள்.

டேப்பக்காவிடம் வேறொரு திட்டம் இருந்தது. அப்பாவைத் தன்னோடு கொண்டுவந்து வைத்துக்கொள்வது.

அப்பா பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு அண்ணன் வீட்டில் இருந்தார். போன வருஷம் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து வாக்கரைப் பிடித்துத்தான் நடக்கிறார். அண்ணனும் அண்ணியும் தங்கமானவர்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இருவரும் காலையில் வேலைக்குப் போனால் திரும்ப இருட்டிவிடும். மூன்றாவது மாடி வீடு, நினைத்தால் ஓடும் லிஃப்ட். வாழ்க்கை முழுக்கப் பயணிகளின் சண்டையைக் கேட்டுக்கொண்டு வண்டி ஓட்டிய மனுஷன், இப்போது நாளெல்லாம் டி.வி.யின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அங்கே குளியலறை வாசலும் குறுகல். வாக்கர் அளவெடுத்தது போல நுழையும். அதைப் பிடித்திருக்கும் அப்பாவின் விரல் முட்டிகள்தான் நிலையில் உரசும். எப்போது போனாலும் ஏதாவது ஒரு முட்டியில் பிளாஸ்திரி இருக்கும். அப்பா கைக்கு மெத்தென்று இருக்கட்டுமே என்று அண்ணன் நிலையில் ரப்பர் ஒட்டினான். வாசல் இன்னும் குறுகிப் போனது.

டேப்பக்கா கூடத்துக்கு எதிரிலேயே ஒரு தரைத்தள வீட்டைப் பிடித்தாள். முன்பு ஒரு கடையின் கிடங்காக இருந்த இடம். முன்னால் நீளமாக ஒரு அறை, பின்னால் ஒரு நடைவழி, அதன் கடைசியில் குளியலறை. வீட்டைக் காட்ட வந்த தரகர் ஜன்னல், தண்ணீர், காற்று என்று அடுக்கிக்கொண்டே போக, அவள் நேராகப் போய்க் குளியலறை வாசலில் நாடாவை வைத்தாள். வாக்கரின் அகலம், அதைப் பிடித்த கைகள், விரிந்த முழங்கைகள், அதற்கு மேல் தாராளமாக இடம். இருந்தது. மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தரகரிடம் முன்பணத்தை நீட்டினாள்.

அண்ணன் கண்ணாடி வெட்டுபவன். ஜன்னலுக்கும் படச் சட்டத்துக்கும் கண்ணாடி வெட்டிப் பொருத்தும் கடை வைத்திருக்கிறான். எதையும் பார்த்துச் செய்கிற ஆள். ஒரே பேச்சில் சொல்லிவிட்டான்.

"பாப்பா, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அப்பாவைக் கூட்டிட்டு வரேன். வீடு அவருக்குத் தோதா இருந்தா வண்டியில இருந்து பையை இறக்கறேன். இல்லேன்னா பை வண்டியிலயே இருக்கும், அவரு என்கூடத் திரும்பிடுவாரு. கோச்சுக்கக் கூடாது."

"பையை நல்லாப் பெரிசாவே எடுத்துட்டு வாண்ணே," என்றாள் டேப்பக்கா.

புது வீட்டில் அப்போது ஒரு தையல் மெஷினும் அதன் முன்னால் ஒரு கைவைத்த நாற்காலியும் ஒரு பாயும்தான் இருந்தன.

வாரம் ஒன்றுதான் என்பதால் இரண்டு திட்டங்களையும் சேர்த்து ஒரே தையலாகப் போட்டுவிட்டாள். எங்கே சுற்றினாலும் அந்தப் பக்கம் வாங்க வேண்டியதை வாங்கிவிடுவது. திங்கட்கிழமை மூன்று பேரும் கட்டில் கடைக்குப் போனார்கள். அப்பாவுக்கு உயரம் முக்கியம். உட்கார்ந்தால் பாதம் முழுசாகத் தரையில் பட வேண்டும், எழும்போது முட்டி திணறக் கூடாது. ஒவ்வொரு கட்டிலிலும் டேப்பக்கா உட்கார்ந்து எழுந்தாள். ரேடியோ படுத்துப் பார்த்தாள். நாலாவது கட்டிலில் அவள் பேச்சு பாதியில் நின்றுவிட்டது. குறட்டைச் சத்தம் கேட்ட பிறகுதான் மற்ற இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். "இவ வாயையே மூடிடுச்சு. இதையே எடுத்துக்க," என்றாள் குண்டூசி. அதையே எடுத்துக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை அலமாரி. நடைவழியின் நடுவில் ஒரு பக்கச் சுவர் உள்ளே தள்ளிக் கட்டப்பட்டிருந்தது. கிடங்காக இருந்த காலத்தில் எதையோ சொருகி வைத்த இடம். ரேடியோ அதற்குப் பொந்து என்று பெயர் வைத்தாள். அப்பாவின் துணிமணிக்கு அந்தப் பொந்தில் அச்சாகப் பொருந்துகிற மாதிரி ஒரு அலமாரி என்பது டேப்பக்காவின் கணக்கு. சொன்ன அளவுக்குப் பலகை வெட்டிச் சேர்த்துத் தருகிற கடை ஒன்று இருந்தது. பொந்தை அளந்து, அகலத்தைக் கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போனாள். வெட்டிவிட்டால் திரும்ப எடுக்க மாட்டோம், அளவு சரிதானா என்று கடைக்காரர் ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டார். அவள் தன் கழுத்தில் கிடந்த நாடாவைத் தொட்டுக் காட்டினாள். அவ்வளவுதான் பதில்.

புதன்கிழமை சினிமா. போகிற வழியில் திரைச்சீலைத் துணியும் அதற்கான கம்பியும் வாங்கியாகிவிட்டது. முன்னறையை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் அப்பாவின் கட்டில், மறுபக்கம் தன் மெஷின் என்று நடுவில் ஒரு திரை போடுவதற்காக. ஆளை விட நீளமான கம்பி. வெளியில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார் தியேட்டர் வாசல்காரர். தொலைந்தால் யார் பொறுப்பு என்று ரேடியோ ஆரம்பித்தாள். பின்னால் வரிசை நீண்டது. கடைசியில் மனுஷன் கும்பிடாத குறையாக உள்ளே விட்டார். படம் முழுக்கக் கம்பி மூவரின் மடிகளிலும் குறுக்கே கிடந்தது, ராட்டினத்தில் போடுகிற தடுப்புக் கம்பி மாதிரி.

வியாழக்கிழமை ஏரிக்கும் அதே கதைதான். குளிக்கும்போது உட்கார அப்பாவுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வாங்கினார்கள். படகில் அதைப் போட்டு அதன்மேல் குண்டூசி ராணி மாதிரி உட்கார்ந்துகொண்டாள். ஏரி நடுவில் டேப்பக்காவின் போன் அடித்தது. அப்பா. பையைக் கட்டி வைத்துவிட்டதாகவும், தினமும் ஒரு தடவை பிரித்து மறுபடி கட்டிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். ஏன் பிரிக்கிறீர்கள் என்று கேட்டாள். வேறு வேலை இல்லையே என்றார். போனை வைத்ததும், இன்னும் என்னென்ன வாங்க வேண்டும் என்று அவள் விரல் விட்டு எண்ணினாள்.

வெள்ளிக்கிழமை வாளி, விளக்கு, வழுக்காத விரிப்பு, பாத்திரங்கள். எல்லாம் வந்து சேர்ந்தன, எல்லாம் தங்கள் இடத்தில் உட்கார்ந்தன.

சனிக்கிழமை மதியம் அலமாரி வந்தது. வண்டிக்காரர்கள் இரண்டு பேர் நடைவழி வரைக்கும் தூக்கிவந்து பொந்துக்குள் தள்ளினார்கள். போகவில்லை. சாய்த்துத் தள்ளினார்கள். சுவரின் சுண்ணாம்புதான் உதிர்ந்தது. அவர்களில் பெரியவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, ரொம்ப இல்லை, இரண்டு விரல்தான் அகலம் கூடுதல் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

இரண்டு விரல். டேப்பக்கா தன் உள்ளங்கையைப் பார்த்தாள். பேனா எழுத்து அழிந்துபோயிருந்தது, ஆனால் நடந்தது தெளிவாகத் தெரிந்தது. பொந்து மூச்சு விடுவதற்கும் குனிவதற்கும் சேர்த்துத் தாராளமாக எழுதியிருக்கிறாள்.

"செவுத்துக்குச் சட்டை தைக்கப் போனியாக்கும்," என்றாள் குண்டூசி.

ரேடியோவுக்குச் சிரிப்பு வந்தது. டேப்பக்காவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். அலமாரி பொந்துக்கு வெளியே, நடைவழியின் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. மீதிப் பாதியில் ஒல்லியான குண்டூசி போகலாம். வாக்கர் போகாது. கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போக வழி இல்லாத வீட்டில் அண்ணன் பையை இறக்க மாட்டான். இறக்கச் சொல்லிக் கேட்க அவளுக்கும் வாய் வராது.

பலகையை அறுத்துவிடலாமா என்றாள் ரேடியோ. அலமாரியே வேண்டாம், வாசலில் போட்டுவிடு என்றாள் குண்டூசி. டேப்பக்கா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அலமாரியை மேலும் கீழும் பார்த்தாள். தவறாக வெட்டிய துணியை அவள் ஒருநாளும் வீசியதில்லை. கைக்கு ஆகாத துண்டு காலருக்கு ஆகும், காலருக்கு ஆகாதது பைக்கு ஆகும். எந்த இடத்துக்கு இது ஆகும் என்று மட்டும் பார்க்க வேண்டும்.

எழுந்தாள். "ஆளுக்கொரு பக்கம் பிடிங்கடி."

மூவருமாக இழுத்து, முக்கி, ரேடியோவின் கால் விரலை ஒரு முறை நசுக்கி, அலமாரியை முன்னறைக்குக் கொண்டுவந்தார்கள். திரைச்சீலை தொங்க வேண்டிய அதே இடத்தில் குறுக்கே நிறுத்தினார்கள். அலமாரியின் முகம் அப்பாவின் கட்டில் பக்கம், முதுகு மெஷின் பக்கம். தாராளமாக எழுதிய அகலம் அங்கே சரியாக ஒரு மறைப்புச் சுவராக நின்றது. மொட்டைப் பலகையாக இருந்த முதுகுக்கு, வாங்கி வைத்த திரைத் துணியையே இழுத்து ஆணி அடித்தாள்.

"சினிமாவுக்கெல்லாம் கூட்டிட்டுப் போனோம்," என்று மூலையில் சாய்ந்திருந்த கம்பியைக் காட்டினாள் குண்டூசி. "இப்ப வேலையில்லாம நிக்குது பாரு."

பொந்து காலியாகவே கிடந்தது. டேப்பக்கா மெஷினடியில் போட்டிருந்த கைவைத்த நாற்காலியைத் தூக்கிவந்து அதற்குள் வைத்தாள். சுவரோடு சுவராக உட்கார்ந்துகொண்டது. நடைவழியில் ஒரு அங்குலம்கூட நீட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டி வந்தது. அப்பாவை இறக்கி, வாக்கரைக் கையில் கொடுத்தான் அண்ணன். கூட அண்ணியும் வந்திருந்தாள். பை பின்சீட்டிலேயே இருந்தது. டேப்பக்கா அதைப் பார்த்தாள். பார்க்காத மாதிரி வழிவிட்டாள்.

அண்ணன் சட்டைப் பையிலிருந்து தன் இரும்பு அளவு நாடாவை எடுத்தான். அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். கட்டில் உயரம் பார்த்தான், விரிப்பைக் காலால் தேய்த்துப் பார்த்தான், விளக்கைப் போட்டு அணைத்தான். அலமாரி ஏன் நடுவீட்டில் நிற்கிறது என்று கேட்டான். அவள் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

"நாங்க அளவுல ஒரு நூல் குறைச்சு வெட்டுவோம், அப்பத்தான் கண்ணாடி சட்டத்துக்குள்ள உக்காரும்," என்றான் அண்ணன். "என்கிட்ட ஒரு போன் போட்டிருக்கலாமே."

"போட்டிருந்தா நீ வந்து ரப்பர் ஒட்டியிருப்ப."

அண்ணி அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தாள். அண்ணனும் சிரித்தான், ஆனால் பையை எடுக்க நகரவில்லை.

அப்பா யாருக்கும் காத்திருக்கவில்லை. இவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே வாக்கரைத் தள்ளிக்கொண்டு நடைவழியில் போய்க்கொண்டிருந்தார். பாதி வழியில் மூச்சு வாங்கியது. நின்றார், பொந்தைப் பார்த்தார், பின்பக்கமாக மெல்ல இறங்கி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நடுவுல ஒரு ஸ்டாப்பு வெச்சிருக்கியே கண்ணு," என்றார்.

கொஞ்சம் ஆசுவாசமானதும் எழுந்து மீதித் தூரம் போனார். குளியலறை வாசல் வந்தது. பழக்கத்தில் நின்று, விரல்களை உள்ளுக்கு மடக்கி, தோள்களைக் குறுக்கிக்கொண்டார். அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாக்கர் நிலையைத் தாண்டியது, கைகளும் தாண்டின. எதிலும் எதுவும் படவில்லை. அப்பா உள்ளே நின்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். பிறகு வெளியே வந்து, மறுபடியும் உள்ளே போனார். இந்தத் தடவை விரல்களை மடக்கவில்லை.

அண்ணன் நாடாவைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் போட்டான். வெளியே போனான். வண்டிக் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது தோளில் பை தொங்கியது. சொன்னபடியே பெரிய பை.

அப்பா கட்டிலில் உட்கார, அண்ணன் துணிகளை அடுக்குவதற்காக அலமாரியைத் திறந்தான். கதவு பாதி திறந்து, கட்டிலில் டங்கென்று முட்டியது.

எல்லோரும் டேப்பக்காவைப் பார்த்தார்கள்.

"கட்டிலை ரெண்டு விரல் தள்ளினாப் போதும்," என்றாள் அவள்.

"நான் எந்திரிக்கட்டுமா?" என்றார் அப்பா.

"வேண்டாம்ப்பா, உக்காருங்க."

அண்ணன் ஒரு முனையும் அவள் ஒரு முனையும் பிடித்தார்கள். அப்பா முன்னால் நின்ற வாக்கரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரைட், போலாம்," என்றார். கட்டில் நகர்ந்தது.