வெள்ளரிப்பழ வண்டியும் படப்பெட்டியும்

பேசும் படம் வில்லியனூர்ப் பக்கத்துக்கு வந்த புதிதில், கொட்டகைக்குப் போய்வருவதை ஒழுக்கக் கேடாகக் கருதியவர்கள் பலர். என் தந்தையார் அப்படிக் கருதவில்லை. வீண் வேலை என்று மட்டுமே கருதினார். ஆகையால், திருமணமான ஆண்டின் தை மாதத்தில் நானும் என் மனைவியும் ஒரு படம் பார்த்துத் திரும்பியபோது அவர் கேட்டதெல்லாம், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாயா என்பதுதான்.

அந்தப் படத்தின் தலைவன் மீசை அரும்பாத ஓர் இளைஞன், தாய் தந்தையற்றவன். ஒரு குயவரின் முற்றத்தில், சூளையில் வெடிப்புவிட்ட பானைகள் விலைபோகாமல் குவிந்து கிடக்கின்றன. ஊரின் மறுகோடியில் ஒரு தோட்டக்காரர், செடிக்கன்று வளர்க்க ஏனம் கிடைக்காமல் தவிக்கிறார். இளைஞன் இருவரையும் அறிவான். அவர்களோ ஒருவர் குறையை மற்றவர் அறியார். வெடித்த பானையில் நீர் தேங்காது, ஆகவே கன்றின் வேர் அழுகாது என்று அவன் சொல்லுமிடத்தில் கொட்டகை முழுவதும் கைதட்டியது. பிறகு அவன் சிறு வணிகனாகி, பெரு வணிகர்களோடு வாதாடி, ஊரில் மதிப்புப் பெறுகிறான்.

நான் அக்காலத்தில் புலவர் ஒருவரிடம் இலக்கணப் பாடம் கேட்டு வந்தேன். அவ்விளைஞனின் சொல்வன்மையே என்னைக் கவர்ந்தது. அவன் பேசிய வாதங்களை வண்டியில் வரும்போதே உரக்கச் சொல்லிப் பார்த்தேன். என் மனைவி வழிநெடுகப் பேசவில்லை. வீடு நெருங்கும் வேளையில், "இந்தாங்க, ஆத்தோரத்து மணல் துண்டுல கரும்பு சரியா வர்லியே, வெள்ளரி போடலாமான்னு மாமாவக் கேளுங்களேன்" என்றாள்.

எங்கள் வீட்டு வழக்கப்படி மாமனாரும் மருமகளும் நேர்முகமாகப் பேசிக்கொள்வதில்லை. இருவருக்கும் நடுவில் நான் நிற்க வேண்டும். அவள் கதவுக்குப் பின்னால் நிற்பது தெரிந்தும் தந்தையார் என்னைப் பார்த்தே சொன்னார்:

"இந்த ஒரு போகம் போட்டுக்கச் சொல்லு. வெள்ளரிப்பழம் விக்காம வூட்டுக்குத் திரும்பி வந்துட்சின்னா, மறுபடியும் கரும்புதான். அப்பறம் பயிர் விசயத்துல இந்த வூட்டுல அவ வாயே தொறக்கக் கூடாது. சொல்லிட்டியா?"

சொல்லிவிட்டதாகச் சொன்னேன்.

புகுந்த வீட்டில் அவள் வாய்திறந்து கேட்ட முதல் காரியம் அது. அதனால்தான், சித்திரையில் கொடியிலிருந்து முதல் பழங்கள் இறங்கியபோது எனக்கு மகிழ்ச்சியைவிட அச்சமே மிகுந்திருந்தது. வெள்ளரிப்பழம் காத்திருக்கத் தெரியாதது. இன்று பறித்தால் நாளை தோல் வெடிக்கும். வெடித்ததை எந்த வணிகரும் வாங்கமாட்டார். எங்கள் பக்கத்து ஆற்றங்கரை முழுவதும் வெள்ளரி விளைந்ததால் வில்லியனூர்க் கடைத்தெருவில் அதற்கு மதிப்பில்லை. எங்கள் பிரெஞ்சு எல்லைக்கு அப்பால், ஆங்கிலேயர் பகுதியில், மேட்டு நிலத்து ஊர்களுக்கென்று கூடும் வாரச் சந்தையே எங்கள் நம்பிக்கை. வைக்கோல் பரப்பிப் பழங்களை அடுக்கிக்கொண்டு விடியலில் நானும் அவளும் புறப்பட்டோம். சந்தையில் சுவைகாட்டுவதற்கென்று ஒரு சட்டி வெல்லத்தையும் பூவரச இலைக் கட்டையும் அவள் எடுத்துவைத்திருந்தாள்.

சுங்கச் சாவடியில் கம்பம் குறுக்கே கிடந்தது. சிவப்புத் தொப்பி அணிந்த காவலர் கையை விரித்தார்.

"தொர டவுனுக்குப் போயிக்கிறாரு. முத்திர அவருகிட்ட. ஆளு போவலாம், சரக்கு போவாது."

"எப்பொழுது வருவார்?"

"வர்றப்ப வருவாரு."

படத்து இளைஞன் இத்தகைய தடைகளை நாவினாலேயே தகர்த்தவன். நானும் வண்டியில் எழுந்து நின்று, குரலை உயர்த்தி, "காலத்தின் அருமையறிந்த ஐயா! உழவனின் உழைப்பு ஒருநாட் பொழுதில் அழிவதைத் தங்கள் நெஞ்சம் பொறுக்குமோ?" என்று தொடங்கினேன். காவலர் முடிக்கவிட்டார். பிறகு, "இன்னாபா, கூத்து கட்டறியா? அர்ச்சுனன் வேசமா, கிருஷ்ணன் வேசமா? எந்த வேசம் கட்டினாலும் முத்திர வேணும்" என்றார்.

கம்பத்துக்கு அப்பால் ஒருவர் சிரித்தார். ஒரு பெரிய தகரப் பெட்டியின்மேல் துண்டை விரித்து அமர்ந்திருந்தார். வில்லியனூர்ப் படக் கொட்டகையின் ஆள். அன்று மாலை திரையிட வேண்டிய படச்சுருள் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. முத்திரையில்லாமல் அதுவும் எல்லைக்குள் வரக் கூடாது.

"தம்பி, நல்ல தொண்டப்பா ஒனக்கு!" என்றார். "எங்க கொட்டாயில சத்தம் போடற கருவி கெட்டுப்போனா ஒன்னியத்தான் கூப்பிடணும்."

வெயில் ஏறியது. நாங்கள் வெளியே போகக் காத்திருந்தோம். பெட்டி உள்ளே வரக் காத்திருந்தது. உச்சிப் பொழுதுக்குப் பிறகு, முந்தின நாளே முத்திரை பெற்றுச் சந்தைக்குப் போனவர்கள் வெறுங்கூடைகளோடு திரும்பத் தொடங்கினார்கள். வைக்கோலுக்கு அடியிலிருந்து இனிய மணம் எழுந்தது. பழங்கள் வெடிக்கத் தொடங்கிவிட்டன என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அதிகாரி வந்து முத்திரையிட்டபோது வெயில் மேற்கே சாய்ந்திருந்தது. "ம், ஓட்டு, சந்தைக்கு" என்று காவலர் கம்பத்தைத் தூக்கினார். எந்தச் சந்தைக்கு? நான் மாட்டைத் திருப்பினேன். தந்தையாரிடம் சொல்லவேண்டிய சொற்களை மனத்துள் அடுக்கிப் பார்த்தேன். படித்த இலக்கணம் ஒன்றும் துணைக்கு வரவில்லை.

"கொஞ்சம் இருங்க" என்று என் மனைவி இறங்கினாள். நேரே கொட்டகை ஆளிடம் போனாள்.

"ஏண்ணே, ஒங்க பொட்டிக்கும் முத்திர போட்டாச்சே? இன்னும் இன்னாத்துக்குக் குந்திக்கினு இருக்கிறீங்க?"

"பஸ்ஸு பூட்சிம்மா. இத்தத் தூக்கிக்கினு நடந்தா நடுராத்திரி ஆயிடும். அங்க சனம் இப்பவே சேர்ந்திருக்கும். பொட்டி வர்லன்னா கொட்டாயப் பிரிச்சிடுவானுங்க."

"அவ்ளோ சனம் வருமா? குடிக்கத் தண்ணி கிண்ணி வச்சிருக்கிறீங்களா?"

"ரெண்டு பானை. மொதப் பாட்டு முடியறதுக்குள்ள காலி. மத்தபடி கடலதான்."

"வெளியாளு உள்ள வந்து விக்கலாமா?"

"மொதலாளி வுடமாட்டாரு."

அவள் பெட்டியைப் பார்த்தாள், எங்கள் வண்டியைப் பார்த்தாள். அவர் ஒரு கணம் விழித்துவிட்டுத் தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"புரிஞ்சிட்சி தங்கச்சி, புரிஞ்சிட்சி! மொதலாளிகிட்ட நான் சொல்லிக்கிறேன். பொட்டிய ஏத்து தம்பி!"

பழங்களை ஒருபுறம் ஒதுக்கிப் பெட்டிக்கு இடம் செய்தோம். வழியில் நான் தாழ்ந்த குரலில், "அந்தப் படத்துப் பையனைப் போலவே பேசினாயே" என்றேன்.

"அவன் எங்கங்க பேசினான்? ஊட்டுக்கு ஊடு போயி, ஒங்களுக்கு இன்னா கொறைன்னு கேட்டான். பேச்செல்லாம் அதுக்கப்பறம்தான்" என்றாள்.

நாங்கள் பார்த்தது ஒரே படம். ஆனால் அவன் கேட்ட கேள்வி ஒன்றேனும் என் நினைவில் தங்கியிருக்கவில்லை.

கொட்டகை வாயிலில் முதலாளி நின்ற நிலையைக் கண்டபோது எனக்கு என் துன்பம் சிறியதாகத் தோன்றியது. உள்ளேயிருந்து சீழ்க்கையும் கூச்சலும் எழுந்தன. கூரைத் துணி காற்றில்லாமலே ஆடியது. பெட்டி வந்துவிட்டது என்று அவர் கத்தினார், ஒருவரும் நம்பவில்லை. கொட்டகை ஆள் என் முதுகில் தட்டினார். "தம்பி, இப்ப கட்டு ஒன் வேசத்த."

நான் வண்டியின்மேல் ஏறி நின்றேன். செய்யுளை மூச்சுவிடாமல் ஒப்பித்துப் பழகிய குரல் ஒருமுறையேனும் பயன்பட்டது. "பெட்டி வந்துவிட்டது! சுருளை மாட்டியதும் படம்!" என்று முழங்கினேன். கூச்சல் அடங்கியது. முதலாளி வெள்ளரிப்பழங்களைப் பார்த்தார். அன்று அவர் எதையும் மறுக்கும் நிலையில் இல்லை.

படச்சுருளை மாட்டி முடிப்பதற்குள் என் மனைவி பெண்கள் பக்கம் போய்விட்டாள். வெடித்த பழங்களையே முதலில் எடுத்தாள். "வெடிச்சதுதாங்க இன்னிக்கித் தின்ன லாயக்கு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, தோலை உரித்து, மாவாய் உதிரும் சதையைப் பூவரச இலையில் வைத்து, மேலே வெல்லத்தைத் தூவி நீட்டினாள். சந்தைக்குப் போயிருந்தால் கழித்துக் கட்டப்பட்டிருக்கும் பழங்கள் அவை. முதல் இலையை வாங்கிய கிழவி, "யம்மா, வயிறே குளுந்துட்சி. இன்னொண்ணு குடு, எம் மருமவளுக்கு" என்றாள். அதன்பின் ஆண்கள் பக்கத்திலிருந்தும் கைகள் நீண்டன. கடலை விற்பவரே ஓர் இலை வாங்கித் தின்றார்.

"வெலைய ஏத்தும்மா" என்று கொட்டகை ஆள் காதோரம் சொன்னார். "நாக்கு வறண்டு கெடக்குதுங்க. கேட்டது குடுக்கும்."

"அடுத்த வாரமும் இதே சனம்தானேண்ணே வரும்? மூஞ்சில முழிக்க வாணாமா?" என்றாள். விலை ஏறவில்லை.

திரையில் தேவர்கள் வானிலிருந்து இறங்கத் தொடங்கிய வேளையில் வண்டியில் வைக்கோல் மட்டுமே இருந்தது. முதலாளி வற்புறுத்தியும் நாங்கள் படம் பார்க்கவில்லை. மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டினேன். தந்தையாரின் கேள்விக்கு இம்முறை விடை உண்டு என்று எண்ணியபோது சிரிப்பு வந்தது. காலையிலிருந்து நெஞ்சை அழுத்திய கனம் எப்பொழுது இறங்கியது என்பதை நான் அறியேன். இறங்கிவிட்டது என்பதை மட்டும், ஆற்றங்கரைக் காற்று முகத்தில் பட்டபோது உணர்ந்தேன்.

மறுநாள் காலையில் தந்தையார் ஒன்றும் கேளாமல் நேரே வண்டியருகே போனார். வைக்கோலைக் கையால் துழாவினார். அடியிலிருந்து வெடிக்காத பழம் ஒன்றை வெளியே எடுத்தார்.

"ஒண்ணு திரும்பி வந்துட்சே?"

அப்படி ஒன்று அங்கிருந்தது எனக்கே தெரியாது. கதவுக்குப் பின்னாலிருந்து என் மனைவியின் குரல் கேட்டது:

"அது விக்க எடுத்துட்டுப் போனதில்ல, மாமாவுக்குன்னு எடுத்து வச்சதுன்னு சொல்லுங்க."

நான் சொன்னேன். அவர் பழத்தைக் கையில் உருட்டிப் பார்த்தார். வெல்லம் கேட்டார். முழுவதையும் நின்றபடியே உண்டு முடித்து, கையைக் கழுவிக்கொண்டு, என்னைப் பார்த்தபடியே கதவுப் பக்கம் கேட்கும்படி சொன்னார்:

"அடுத்த போகத்துக்கு மேலண்டக் கரும்புத் துண்டையும் சேத்துக்கிறாளான்னு கேளு."