கரீம் பாய் திறக்காத பெட்டி

"பூட்டுக்கார கரீம் பாய் மவுத்தாயிட்டாராம்மே" என்று என் வீட்டுக்காரர் வாசலிலிருந்தே சாவுச் சேதி சொன்னபோது, கரண்டியும் கையுமாக அப்படியே நின்றேன். அழலாமா, அழுதால் ஏன் என்று கேட்பாரே என்று ஒன்றும் புரியவில்லை. செங்கல்பட்டுக் கடைத்தெருவில் பாயோடு பழகியவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களில் யாருக்காவது விளங்கினால் சொல்லுங்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மாமல்லபுரத்தில் நான் வேலை பார்த்த லாட்ஜில்தான் அவரை முதலில் பார்த்தேன். வெள்ளைக்காரர் ஒருவர் கடலில் குளிக்கப் போய்ச் சாவியைத் தொலைத்துவிட்டார். பெட்டிக்குள் பாஸ்போர்ட். பாய், பல் வெட்டாத சாவி ஒன்றின் மேல் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிப் பூட்டுக்குள் விட்டு மெதுவாக அசைத்தார். வெளியே எடுத்தால் தாளில் சின்னச் சின்னப் பள்ளங்கள். அந்த இடங்களை அரத்தால் ராவி, புதுத் தாள் சுற்றி மறுபடி விட்டார். "பள்ளம் பளிச்சினு வுழுந்துச்சின்னா பூட்டு நம்ம பேச்ச கேட்டுக்கும்மா. அப்பால அரம் வேலதான்," என்றார். கொஞ்ச நேரத்தில் பெட்டி திறந்துவிட்டது. இத்தனைக்கும் மனுஷர் பீடிகூடத் தொட்டதில்லை.

எமர்ஜென்சி வந்த வருஷம் அதே பாயை என் வீட்டுக்காரர் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தார். என் அம்மா வீட்டு நகை இருந்த டிரங்குப் பெட்டியைத் திறக்க. சிநேகிதரோடு கூட்டாக லாரி வாங்க வேண்டும் என்று அவருக்கு ஒரே பிடிவாதம். சாவியைத் தர மாட்டேன் என்று எனக்கும் பிடிவாதம். பூட்டை உடைத்தால் என் அண்ணன்மாருக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். உடைக்காமல் திறந்துவிட்டால், நானே கொடுத்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். பாயிடம் "சாவி காணாப் பூடுச்சி" என்றுதான் சொல்லியிருப்பார். நான் சமையல்கட்டு நிலையைப் பிடித்தபடி நின்றேன்.

பாய் தாளைச் சுற்றினார், விட்டார், அசைத்தார், எடுத்தார். எட்டிப் பார்த்தேன். பள்ளங்கள் பளிச்சென்று விழுந்திருந்தன. இனி அரம் வேலைதான் பாக்கி. பாய் நிமிர்ந்து ஒரு தரம் என்னைப் பார்த்தார். தாளைக் கசக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இது தொறக்காது அண்ணாத்த."

"இன்னா பாய், ஊர்ல கீற பூட்டெல்லாம் தொறக்கிற?"

"இது நம்ம கைக்கு வராது. வுட்ரு."

"பாய்க்கு முன்ன மாதிரி கை வர்றதில்ல" என்று இவர் கடைத்தெரு முழுக்கச் சொல்லிவைத்தார். எங்கள் லாட்ஜிலேயே வேறு ஆளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒருநாள் சிங்கப்பெருமாள் கோயில் பஸ் நிறுத்தத்தில் பாயை மடக்கினேன். "ஏன் பாய் அப்படிச் சொன்னீங்க?"

"பேஜாரு புடிச்ச பூட்டும்மா அது. நாஸ்தா ஆச்சா?" என்றார். அவ்வளவுதான்.

அந்த லாட்ஜ் நாளைத் தவிர என்னிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியிராத மனிதர், எதற்காகத் தன் பெயரையே கெடுத்துக்கொண்டார்? அந்தச் சிநேகிதர் தனியாகவே லாரி வாங்கி, திருவிடந்தையில் மாடிவீடும் கட்டிவிட்டார். அப்படியானால் பாய் எங்களுக்குச் செய்தது நல்லதா, கெட்டதா? நகை என்னிடம் இருக்கிறது. குழப்பமும் இருக்கிறது.

அடக்கத்துக்குப் போய்வந்து கைகால் கழுவியபடி இவர் சொன்னார்: "தங்கமான மன்ஷன். தொழில்தான் கடசில பத்தல."

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பாய் எனக்கென்று விட்டுப்போனது, அன்று நான் கண்ணால் பார்த்த அந்த ஒன்றுதான். அதை இங்கே எல்லார் முன்னாலும் வைக்கிறேன். பாய்க்குத் தொழில் தெரியும். அந்தப் பூட்டு அன்று திறந்திருக்கும். என் வீட்டுக்காரரும் இதைப் படிப்பார். படிக்கட்டும்.