பப்பாசிக்குத் தடை போட்ட பழக்காரர்

ஸஹாப்தீன் மௌத்தான நாளிலிருந்து ஊரில் எல்லோரும் அவரைப் பற்றி நல்லதாகவே பேசுகிறார்கள். மௌத்தானவரைப் பற்றி அப்படித்தான் பேச வேண்டும். நான் அவருடைய பெண்சாதியின் தம்பி, அவருக்கு மச்சான்; எனக்கும் அவர் மச்சான்தான். எனக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

அவர் வைத்தியம் படித்தவர் அல்ல. படித்தவர்கள் அவ்வளவு துணிச்சலாக வைத்தியம் செய்ய மாட்டார்கள். கிண்ணியாத் துறையடியில் அவருக்கு ஒரு பழக்கடை இருந்தது. அதை ஒட்டி என் தையல் கடை. திருகோணமலைக்குப் போகிற சனம், ஆளையும் வாகனத்தையும் ஒன்றாக ஏற்றி அக்கரை சேர்க்கும் 'பாதை' வரும்வரை எங்கள் இரண்டு கடைக்கும் முன்னால்தான் நின்றாக வேண்டும். தப்பியோட வழியில்லாத நோயாளிகள் உலகத்தில் வேறெந்த வைத்தியருக்குக் கிடைத்தார்கள்? மச்சானுக்கு நாள் தவறாமல் கிடைத்தார்கள்.

அவருடைய சோதனை ஒரே ஒரு கேள்விதான். "உங்கட உடம்பு சூட்டுடம்பா, குளிருடம்பா?" தெரியாதென்று முழித்தால் முகத்தைப் பார்த்து அவரே சொல்லிவிடுவார். கடையில் எந்தப் பழம் மிஞ்சிக் கிடக்கிறதோ, அந்தப் பழம் கேட்கிற உடம்பாகவே அன்றைக்கு எல்லோருக்கும் இருக்கும். கொய்யா குவிந்த நாளில் கிண்ணியா முழுக்க மலச்சிக்கல். அன்னாசி வந்த நாளில் ஒருவருக்கும் சோறு செமிக்காது. விளாம்பழக் காலத்தில் ஊருக்கே பித்தம் ஏறிவிடும். சனமும் தலையாட்டி வாங்கிப் போகும்.

இந்தக் கலையை அவர் வெள்ளைக்காரனிடம் கற்றவர். திருகோணமலைக் கடற்படைத் தளம் இங்கிலீசுக்காரன் கையில் இருந்தபோது, இளந்தாரி ஸஹாப்தீன் தலையில் கூடையோடு துறைமுக வாசலில் நின்று அன்னாசியும் வாழைப்பழமும் விற்றார். கப்பற் சமையற்காரன் ஒருவன் சாக்குச் சாக்காகத் தேசிக்காய் வாங்கினானாம். என்னத்துக்கு என்று கேட்டதற்கு, அந்தக் காலத்து மாலுமிகளுக்குத் தேசிப்புளி கிடைக்காமல் நடுக்கடலில் பல்முரசு வீங்கிப் பல் கழன்றதைச் சைகையால் காட்டினானாம். மச்சானின் வைத்தியத்தில் அப்பழுக்கில்லாத உண்மை அது ஒன்றுதான். வெறும் பழத்தைக் கொடுத்தால் பேரம் பேசுகிற ஆட்கள், ஒரு நோயையும் சேர்த்துக் கொடுத்தால் பேசாமல் வாங்கிப் போவார்கள் என்பதையும் அந்த வாசலில்தான் கண்டுபிடித்தார். ஐம்பத்தேழில் வெள்ளைக்காரர் மூட்டை கட்டினார்கள். மச்சான் துறையடிக்கு வந்து சேர்ந்தார்.

பழம் வளர்க்கிறதில் மட்டும் அவரைக் குறை சொல்ல என்னாலும் ஏலாது. கிணற்றடியில் குளிக்கிற தண்ணீர் ஓடுகிற வழியில் வாழை வைத்திருந்தார். வேரில் தண்ணீர் நின்றால் பப்பாசி அழுகிவிடும் என்று அதை மேட்டில் வைத்தார். ஆண் பப்பாசி பூத்துத் தொங்கினதும் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் வெட்டி எறிவார். தின்ற அன்னாசியின் கொண்டையை நாலு நாள் நிழலில் வாடவிட்டு நடுவார். அணில் கடிக்காமல் மாதுளைப் பிஞ்சுக்கெல்லாம் துணி கட்டுவார். துணி என் கடைத் துணி. கேட்டு எடுக்கிற பழக்கம் அவரிடம் இல்லை.

எழுபதுகளில் அரசாங்கம் வெளிநாட்டுச் சாமான்களை நிறுத்தியபோது கோதுமைப் பாணுக்கு வரிசையில் நின்று நாங்கள் திட்டித் தீர்த்தோம். மச்சான் மட்டும் துஆ செய்தார். அதுவரை ஆஸ்பத்திரியில் ஆள் பார்க்கப் போகிறவர்கள் அப்பிளும் முந்திரிகைக் குலையும் இல்லாமல் போனால் அது பெரிய மரியாதைக் குறைவு. நோயாளி பிழைக்கிறானா என்பது அடுத்த விசயம். அப்பிள் கண்ணில் படாமற் போனதும் சனத்துக்கு வேறு வழியில்லை.

"அப்பிள்ள என்ன இரிக்கி? வெறும் தண்ணி! ஒரு கொய்யாப்பழத்துக்கு முன்னால நிக்குமா அது?" என்று மச்சான் பிரசங்கம் வைத்தார். கிளினிக்கில் பிறகு விசாரித்தேன். கொய்யாவில்தான் சத்துக் கூடவாம். தெரியாத்தனமாகச் சரியாகச் சொல்லியிருக்கிறார்.

இனி வீட்டுக் கதை. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை கலியாணம் முடித்தாலும் தாய்வீட்டில்தான் இருப்பாள். மாப்பிள்ளைதான் வந்து சேருவார். அப்படி மச்சானின் ஒரே மகள் ஜெமீலாவும் அந்த வளவில்தான் இருந்தாள். அவளுக்கு முதல் பிள்ளை தங்கவில்லை. நல்ல அமைதியான பிள்ளை ஜெமீலா.

மச்சானுக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டது. பப்பாசியைப் பிடித்தார். அதற்கு அவரிடம் ஆதாரம் இருந்தது. மாட்டிறைச்சி முற்றலென்றால் எங்கள் குசினிகளில் இரண்டு துண்டு பப்பாசிக்காய் போட்டு அவிப்பார்கள்; இறைச்சி பஞ்சாகிவிடும்.

"மாட்டுத் தொடையையே கரைக்கிற சாமான் மச்சான் இது. விரலளவு புள்ளைய விடுமா?" என்றார்.

கெட்டிக்காரக் கேள்விதான். முழு மடத்தனத்தை விட அரைக் கெட்டித்தனம் ஆபத்து.

ஜெமீலா இரண்டாம் முறை முழுகாமல் இருந்தபோது தடை பப்பாசியோடு நிற்கவில்லை. மாம்பழம் சூடு. அன்னாசி கொடுஞ்சூடு. வாழைப்பழம் குளிர். கொய்யா சளி. பலா வாய்வு. முருங்கையிலையும் சூடு, பெரிய மீன் கிரந்தி. ஊரிலுள்ள வயிற்றுப் பிள்ளைக்காரிகளுக்கெல்லாம் மாதுளை விற்ற மனிசன், தன் மகளுக்கு அதுவும் குளிர் என்று கண்டுபிடித்தார். பழம் பழுத்து விழுந்து கிடக்கிற வளவுக்குள் அந்தப் பிள்ளை சோறும் நெத்தலிக் கருவாடும் தின்றுகொண்டிருந்தது.

ஒரு நாள் மச்சானின் பெண்சாதி, என் ரபீக்கா ராத்தா, என் கடைக்கு வந்தா. "தம்பி, புள்ள மஃரிபு தொழுது இருட்டின பிறகு சுவரைத் தடவித் தடவி நடக்கிறாள். கேட்டா ஒண்டுமில்ல எண்டுறாள். மச்சான்ட சொன்னா கண்ணூறு எண்டு தண்ணி ஓதி, நூல் கட்டி விட்டிரிக்கார்."

நான்தான் மருத்துவிச்சி கனகமணியைக் கூட்டிப் போய்க் காட்டினேன். அந்த மனிசி வீட்டில் பிள்ளையைப் பார்த்துவிட்டு, சைக்கிளை நேரே துறையடிக்கு விட்டா. பாதைக்கு நிற்கிற சனம் கேட்கத்தக்கதாகவே பேசினா.

"காக்கா, உங்கட மகளுக்கு மாலைக்கண். சத்துக் குறைஞ்சு வாறது. இப்பிடியே விட்டால் அவவின்ட கண்ணுக்கும் கூடாது, வயித்தில இருக்கிற பிள்ளைக்கும் கூடாது. கிளினிக்குக்குக் கூட்டி வாங்கோ. பழுத்த பப்பாசி, மாம்பழம், முருங்கையிலை எல்லாம் குடுங்கோ."

"வயித்துப் புள்ளக்காரிக்குப் பப்பாசியா மிஸ்ஸி?"

"காய் குடுக்க வேண்டாம். அதின்ட பால்தான் கூடாது. நல்லாப் பழுத்ததெண்டால் ஒண்டும் செய்யாது."

"பழமெல்லாம் முந்தி காய்தானே மிஸ்ஸி!"

சனம் சிரித்தது. கனகமணி அசையவில்லை. "நீங்களும் முந்தி கைக்குழந்தைதானே காக்கா. இப்ப தொட்டிலிலயா கிடக்கிறியள்?"

சனம் இன்னும் பலமாகச் சிரித்தது. அந்தச் சிரிப்புத்தான் காரியத்தைக் கெடுத்தது. கடை முன்னால் தோற்றுப்போன வைத்தியர் வீட்டில் விட்டுக்கொடுப்பாரா? பப்பாசி என்ற பேச்சே வளவுக்குள் எடுக்கக் கூடாதென்று சட்டம் வந்தது.

அன்று பின்னேரம் நான் அவரோடு சண்டைக்குப் போனேன். ஊருக்கெல்லாம் மருந்து சொல்கிற வாய், மகளின் கண்ணைக் குருடாக்கப் பார்க்கிறதா என்று கத்தினேன். அவர் திருப்பிக் கத்துவார் என்று நினைத்தேன்.

"ஒரு தரம் துணியில சுத்திக் கொண்டுபோய்ப் புதைச்சனான் மச்சான்," என்றார் மெதுவாக. "இன்னொரு தரம் எனக்கு ஏலாது."

நான் திரும்பி வந்துவிட்டேன்.

சில நாள் கழித்து ஒரு மஃரிபுக்குப் பிறகு அவருடைய வளவில் இருந்தோம். முற்றத்தில் அவருக்கென்று ஒரு கதிரை உண்டு. எப்போதும் அதில்தான் இருப்பார். அன்றைக்குப் புழுக்கம் என்று என் பக்கத்தில் கிணற்றுக்கட்டின் மேல் வந்து குந்தியிருந்தார். ஜெமீலா குசினியிலிருந்து தேத்தண்ணியோடு வந்தாள். காலால் நிலத்தைத் தேடித் தேடி வந்து, அந்தக் கதிரைக்கு முன்னால் நின்று, கோப்பையை நீட்டினாள்.

"வாப்பா, தேத்தண்ணி."

கதிரையில் ஒருவரும் இல்லை. மச்சான் என் கையை இறுக்கிப் பிடித்தார். அவள் கோப்பையை நீட்டியபடியே நின்றாள்.

"கோவமா வாப்பா? மிஸ்ஸிய நான் கூப்பிடல்ல," என்றாள் வெறுங்கதிரையைப் பார்த்து.

அந்தப் பாரமான மனிசன் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சத்தமில்லாமல் எழும்பிப் போனார். அவளுக்குத் தெரியாமல் கதிரையில் குந்தி, இரண்டு கையாலும் கோப்பையை வாங்கினார். "கோவம் ஒண்டுமில்ல மகள்," என்றார். அவரை நான் எத்தனையோ விதமாகக் கிண்டல் செய்திருக்கிறேன். அந்த நேரம் அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது.

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு உள்ளே போய், கடைக்கென்று எடுத்து வைத்த பப்பாசியில் நன்றாகப் பழுத்த ஒன்றைக் கொண்டுவந்தார். தோலைத் தடிப்பாகச் சீவினார். விதையை வழித்தெறிந்தார். ஒரு துண்டை அவள் கையில் வைத்தார்.

வாசத்திலேயே பிள்ளை பயந்துபோனாள். "நீங்கதானே வாப்பா கூடாதெண்டு சொன்ன?"

"நான் சொல்றதெல்லாம் வேதமா? தின்னு மகள்."

இந்த வசனத்தை அவர் வாயால் நான் கேட்டது அந்த ஒரு முறைதான். அதற்குப் பிறகு நாள்தோறும் பப்பாசி, முருங்கையிலைச் சுண்டல், கிடைத்த நாளில் மாம்பழம். கிளினிக்குக்கும் ராத்தாவோடு அனுப்பி வைத்தார். துறையடியில், பழுத்த பப்பாசி வயிற்றுப் பிள்ளைக்காரியின் கண்ணுக்கு நல்லதென்று தான் முதலிலிருந்தே சொல்லி வந்ததாக அறிவித்தார். கனகமணி அந்தப் பக்கம் சைக்கிளில் போனால், "மிஸ்ஸிக்கும் தெரியும், கேளுங்க," என்று சாட்சிக்கும் இழுப்பார். அந்த மனிசி சிரித்துக்கொண்டு போய்விடுவா. உரிய காலத்தில் பேத்தி நல்லபடி பிறந்தாள். சுகமான பிள்ளை, மச்சானை விடச் சத்தமான குரல்.

ஆனால் நான் சொல்ல வந்தது பேத்தி பிறக்கச் சில கிழமை முந்தி நடந்தது. மச்சான் வெளிச்சம் வருமுன்னர் கடைக்குப் போகிறவர். மஃரிபுக்குப் பிறகு திரும்புகிறவர். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு தோட்டங்களுக்குப் பழம் பார்க்கப் போய்விடுவார். மகள் கண் கெட்டு இருந்த அத்தனை நாளும் அவர் அவளுக்கு வெறும் குரல்தான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவள் தகப்பனின் முகத்தைப் பார்க்கவே இல்லை என்பதை நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை.

அன்றைக்கும் இருட்டுப்பட்டுத்தான் வந்தார். முற்றத்தில் விளக்கு மாத்திரம் எரிந்தது. தேத்தண்ணியோடு வந்த ஜெமீலா அவருக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"வாப்பா," என்றாள், "உங்கட தாடி எப்ப இப்பிடி வெளுத்த?"

எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருந்த மனிசன், "இன்னொருக்காச் சொல்லு மகள்," என்றார்.

"வெள்ளையா இரிக்கி வாப்பா. முழுக்க வெள்ளை."

மச்சான் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு சத்தம் போட்டு அழுதார். கிழவனாகிப் போனாய் என்று மகள் சொன்னதற்கு 'அல்ஹம்துலில்லாஹ்' என்று திரும்பத் திரும்பச் சொன்ன தகப்பனை நான் வேறெங்கும் கண்டதில்லை.